அரை இஞ்சு

தொண்டாமுத்தூர் ரோட்டில் ஹுமேராவின் காருக்கு முன்பக்க டயர் வெடித்தபோது சாயங்காலம் மணி நாலேகால். பள்ளிக்கூடம் விட்டுப் பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. ஆடிக் காற்று தென்னந்தோப்புகளைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தது. மலை மொத்தமும் மேகத்துக்குள் போயிருந்தது. வெடித்த சத்தம் அப்படியொன்றும் பெரிதில்லை. வண்டிதான், யாரோ கையைப் பிடித்து இழுத்தமாதிரி இடதுபக்கமாக ஓடி, மஞ்சள் பயிரிட்ட ஒரு காட்டு வேலியோரம் போய் நின்றது.

ஹுமேரா இடது கையில் பிடித்திருந்த லீவரை வெகுநேரம் விடவில்லை. அவளுடைய காரில் பிரேக்கும் ஆக்ஸிலேட்டரும் அந்த லீவரில்தான். நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு விபத்தில் முதுகெலும்பில் அடிபட்டதிலிருந்து அவளுடைய கால்கள் இரண்டும் அவள் பேச்சைக் கேட்பதில்லை. சக்கர நாற்காலி மடித்தபடி பக்கத்து சீட்டில் இருந்தது. ஆனால் சரிவான மண்ணில், அதுவும் ஈரத்தில், அதை விரித்து இறங்குவது நடக்கிற காரியமில்லை. புருஷனுக்குப் போன் செய்துவிட்டுக் கண்ணாடியை இறக்கிவைத்து உட்கார்ந்திருந்தாள்.

காட்டில் களையெடுத்துவிட்டு வந்த ஒரு நடுவயதுப் பெண் எட்டிப் பார்த்தாள். தலையில் துண்டைக் கட்டியிருந்தாள். கையில் களைக்கொத்து.

"ஏனுங் அம்மணி, எறங்கிச் சித்த காத்தாட நிக்கலாமல்லோ?"

"கால் வராதுங்க்கா."

அவள் குனிந்து காலைப் பார்த்தாள், நாற்காலியைப் பார்த்தாள். வேறு கேள்வி கேட்கவில்லை. "அப்ப நானும் நிக்கறேன். பொழுது எறங்குனா ஆனை இக்கட்டால, இந்த ரோட்டுக்கே வரும். உன்னைய ஒத்தையில உட்டுப்போட்டுப் போனா என்ற மனசு கேக்காது."

"ஆனை வந்தா நீங்க என்ன பண்ணுவீங்க?"

"நானு ஓடிப்போயிருவேன். நீ கண்ணாடிய ஏத்திக்க கண்ணு."

இரண்டு பேரும் சிரித்தார்கள். அவள் பெயர் தெய்வாத்தாள். மடியிலிருந்து ஒரு கொய்யாக்காயை எடுத்துத் துடைத்துக் கொடுத்தாள். புருஷன் சாஜித்தின் வேன் வந்து நிற்கிறவரை நாற்பது நிமிஷம், மகளைக் கொடுமுடியில் கட்டிக்கொடுத்த கதையையும் மருமகன் வாயே திறக்காதவனாக இருப்பதையும் சொல்லிக்கொண்டு காருக்குப் பக்கத்திலேயே நின்றாள்.

சாஜித் வந்ததும் முதலில் பொண்டாட்டியைப் பார்த்தான். பிறகு ஜாக்கி போட்டு டயரைக் கழற்றினான். கழற்றியதும் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டான். வெளிப்பக்கம் பார்த்தால் டயர் புதுசு. வரியெல்லாம் அழுத்தமாக இருந்தது. உள்பக்கம் ஒரு விரல் அகலத்துக்கு ரப்பரே இல்லை. கம்பி தெரிந்தது.

"எத்தனை நாளா இப்பிடி ஓட்டீட்டு இருந்திருக்கறே ஹுமேரா," என்றான். அவளைக் கேட்டதுபோலவும் இல்லை. தன்னையே கேட்டுக்கொண்டதுபோலத்தான் இருந்தது.

அந்தக் காரைத் தாழ்த்தியது அவன்தான். உக்கடத்தில் அவனுக்கு வண்டிகளுக்கு சீட் கவர் தைக்கிற கடை. ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் பேட்டரி கார் வாங்கினார்கள். கியர் இல்லை, கிளட்ச் இல்லை, கையால் ஓட்ட அதுதான் தோது என்று எல்லாரும் சொன்னார்கள். ஆனால் வண்டி உயரம். நாற்காலியிலிருந்து சீட்டுக்கு மூன்றரை இஞ்சு ஏறவேண்டியிருந்தது. ஒரு மாதம் தினமும் சாஜித்தான் அவளைத் தூக்கி வைத்தான். பிறகு டிரைவர் சீட்டைப் பிரித்து, உள்ளேயிருந்த ஸ்பாஞ்சை வில்லை வில்லையாகச் சீவி ஒன்றரை இஞ்சு இறக்கினான். மிச்சமிருந்த இரண்டு இஞ்சுக்கு பெங்களூரிலிருந்து குட்டை ஸ்பிரிங் வரவழைத்து வண்டியையே இறக்கினான். கடைக்கு வந்தவர்கள், "என்ன பாய், இந்த வயசுல ரேஸா?" என்று கேட்டார்கள். சிரித்துக்கொண்டான். நாற்காலியும் சீட்டும் ஒரே மட்டத்துக்கு வந்த அன்று ஹுமேரா யார் கையையும் பிடிக்காமல் நகர்ந்து உட்கார்ந்து, பேரூர் வரைக்கும் தனியாகப் போய்த் திரும்பினாள். வந்ததும் வாசலில் ஹாரனை அடித்த அடியில் தெருவே எழுந்து வந்தது.

வண்டி இறங்கினால் சக்கரங்களின் கோணமும் மாறும் என்பது மட்டும் யாருக்கும் தோன்றாமல் போனது.

டயர் வெடித்த மறுநாளிலிருந்து, இரண்டு கடைக்குக் காட்டக் கொண்டுபோனதைத் தவிர, கார் தெருவிலேயே நின்றது. சாஜித் வேனில் அவளைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விட்டான், கூட்டிவந்தான். ஏற்றும்போதும் இறக்கும்போதும் தூக்கினான். அவனுக்கு அதில் சலிப்பே இல்லை. பிரேயருக்கு மணியடிக்கிற நேரத்தில், ஒரு கையை முழங்காலுக்கு அடியிலும் ஒரு கையை முதுகிலும் கொடுத்து, கண்ணாடிச் சாமானை இறக்குகிறமாதிரி இறக்குவான். அவள் கணக்கு நடத்தும் பத்தாம் வகுப்புப் பெண்கள் அந்த நேரம் பார்த்து ஷூ லேஸைக் கட்டக் குனிந்துகொள்வார்கள். அந்த மரியாதையைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

இரண்டு வாரம் பொறுத்தாள். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் சாஜித் டீயைக் கொடுத்துக்கொண்டே சொன்னான்.

"பழைய ஸ்பிரிங்கையே மாட்டிப்போடலாம்ன்னு இருக்கறேன்."

"மாட்டுனா நான் எப்பிடீங்க ஏர்றது?"

"நானு எதுக்கு இருக்கறேன்?"

"நீங்க கடையப் பாப்பீங்களா, என்னையத் தூக்கீட்டுத் திரிவீங்களா?"

"ரெண்டுந்தான்."

"எனக்கு வேண்டாங்க," என்றாள் ஹுமேரா. கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் அவன் டம்ளரைக் கீழே வைத்தான்.

"ரெண்டு எடத்துல காட்டியாச்சே கண்ணு. ஒருத்தன் இந்த ஒசரத்துக்குக் கம்ப்யூட்டர்ல கணக்கே இல்லைங்கறான். இன்னொருத்தன் மாத்துன வண்டியத் தொடவே மாட்டேங்கறான். நான் என்ன செய்யட்டும்?"

"சிங்காநல்லூர்ல ஒரு வீல் அலைன்மென்ட் கடை இருக்காம். புருஷன் பொண்டாட்டி நடத்தறாங்களாம். எங்க சயின்ஸ் டீச்சர்தான் சொன்னாங்க, நம்மளப் பத்தி அவியகிட்டயும் சொல்லி வெச்சிருக்காங்க. நாளைக்கு லீவுதான். அங்க ஒருக்கா காட்டுங்க. அவியளும் முடியாதுன்னுட்டா அப்பறம் உங்க இஷ்டம்."

சனிக்கிழமை காலை சாஜித் இரண்டு டயர் புதிதாகப் போட்டு, தானே ஓட்டிக்கொண்டு போனான். ஹுமேராவைப் பக்கத்தில் உட்கார வைத்திருந்தான். திருச்சி ரோட்டிலிருந்து ஒரு சந்துக்குள் இருந்தது அந்தக் கடை. தகரக் கொட்டகை. நடுவில் நீளமாக ஒரு குழி, அதன் இரண்டு பக்கமும் வண்டி ஏறி நிற்க இரும்புத் தடம். கடைசியில் ஒரு மேசையும் கம்ப்யூட்டர் திரையும். திரைக்கு முன்னால் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவைத்துக்கொண்டு ஜோஸ்லின் உட்கார்ந்திருந்தாள். அவள் புருஷன் தாமஸ் குட்டையான ஆள். வண்டியைச் சுற்றி ஒருதரம் நடந்தார். பம்பருக்கும் தரைக்கும் நடுவே கையை நீட்டி அளந்தார்.

"இப்பிடியே ஏத்துனா பம்பர் தட்டும் பாய். இருங்க, பலகை போடறேன்."

இரண்டு நீளப் பலகைகளைத் தடத்துக்கு முன்னால் சாய்த்துப் போட்டார். சாஜித் இறங்கி, வழக்கம்போலப் பொண்டாட்டி பக்கம் வந்து கதவைத் திறந்தான்.

"எதுக்குங்க எறக்கறீங்க?" என்றாள் ஜோஸ்லின்.

"வண்டி மேல ஏறோணுமல்லங்க்கா."

"வண்டிய யாரு ஓட்டறது? நீங்களா, டீச்சரா?"

"டீச்சர்தான்."

"அப்ப அவிய டிரைவர் சீட்டுல உக்காரோணும். சும்மா நிக்கற வண்டிக்கு அளவெடுத்து என்ன புண்ணியம்? ஓட்டறவங்க எடை மேல இருக்கறப்பத்தான் சக்கரம் எப்பிடி நிக்குதுன்னு தெரியும். ஆரும் உக்காரலீன்னா நாங்க மணல் மூட்டை வெப்போம். இங்க ஆளே இருக்கறப்ப மூட்டை எதுக்கு?"

"குழிக்கு மேலீங்களே..."

"லிப்டா இருந்தா ஆள உக்கார வெக்க மாட்டனுங்," என்றார் தாமஸ். "இது அசையாத தடம். சக்கரத்துக்குக் கட்டை போட்டுருவேன். பயப்படாதீங்க."

ஹுமேரா சாஜித்தைப் பார்த்தாள். அவன் விரித்துவைத்த நாற்காலியில் சுற்றி வந்து, தானே டிரைவர் சீட்டுக்கு நகர்ந்து உட்கார்ந்தாள். இதுவரை பார்த்த இரண்டு கடையிலும் அவளை முதலில் இறங்கத்தான் சொன்னார்கள். இறக்கிவிட்டபின் அவளை எங்கே வைப்பது என்று தெரியாமல் டயர் அடுக்குக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள்.

பலகை மேல் வண்டியை அவளே ஏற்றினாள். நாலு சக்கரத்திலும் தாமஸ் கோணம் அளக்கும் தட்டை ஒவ்வொன்றாக மாட்டினார். பிறகு குழிக்குள் இறங்கிக் காணாமல் போனார்.

"டீச்சர், பிரேக்கைப் புடிச்சுக்குங்க. ஸ்டியரிங்கை லெப்டுல ஒடிங்க. போதும். இப்ப ரைட்டுல. நேர வெய்யுங்க."

திரையில் எண்கள் ஓடி நின்றன. எல்லாம் சிவப்பு.

"லெப்டு கேம்பர் ரெண்டு டிகிரி பத்து மினிட்டு, உள்ள சாஞ்சிருக்குது," என்று ஜோஸ்லின் கூவினாள். "ரைட்டு ஒண்ணு நாப்பது."

"எவ்வளவு?" என்று பூமிக்குள்ளிருந்து குரல் வந்தது.

"ரெண்டு பத்து! காதுல என்ன பஞ்சா வெச்சிருக்கீங்க?"

"வண்டிக்கடியில வந்து நீ கேட்டுப் பாரு!"

ஹுமேராவுக்குச் சிரிப்பு வந்தது. வகுப்பில் பாகை என்றும் கலை என்றும் கரும்பலகையில் எழுதுகிற அதே சங்கதிதான். அதுதான் தன் டயரைத் தின்றிருக்கிறது.

தாமஸ் மேலே ஏறி வந்து, கையைத் துடைத்தபடி அவளுடைய ஜன்னலுக்கு நேராக வந்து நின்றார். சாஜித்திடம் சொல்லாமல் அவளிடமே சொன்னார்.

"சக்கரம் ரெண்டும் முட்டி இடிக்கறவன் காலாட்ட, தலை உள்ள சாஞ்சு நிக்குதுங் டீச்சர். போதாததுக்கு மூஞ்சிய வெளிய திருப்பீட்டு நிக்குது. ரெண்டுஞ் சேந்து உள்பக்கத்தத் தேச்சுருது. மூஞ்சியத் திருப்பறது சுளுவு. அஞ்சு நிமிஷ வேலை. சாய்மானத்துக்கு வேற போல்ட்டு இருக்குது, அது போட்டு நிமித்தலாம். ஆனா இது பேட்டரி வண்டி, கனம் ஜாஸ்தி. இவ்வளவு எறக்கி வெச்சா ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கர்லயும் அடியில போய் இடிக்கும். நான் இன்னிக்கு வெக்கற கோணம் ரெண்டு மாசம் நிக்காது."

"அதுக்கு என்னங்ணா செய்யோணும்?"

"வண்டிய அரை இஞ்சு ஒசத்தோணும். ஸ்பிரிங்குக்கு மேல ரப்பர் வளையம் வெச்சாப் போதும். ரெண்டு இஞ்சுக்கு ஒன்றரை இஞ்சுதான் எறங்கியிருக்கும். அப்ப நான் தைரியமாக் கோணம் வெச்சுத் தருவேன்."

"அரை இஞ்சுன்னா சீட்டும் அரை இஞ்சு ஏறுமல்லங்ணா?" என்றான் சாஜித்.

"ஏறத்தான் செய்யும்."

"அப்ப ஆகாது. அவளால ஏற முடியாது. சீட்டுல இனிக் கொறைக்கவும் எடமில்லை. நானே சீவுனது, எனக்குத் தெரியும். அதுக்கடியில வெறுங்கம்பிதான்." அவன் கதவில் கையை ஊன்றிக்கொண்டான். "நல்லா ஓட்டீட்டு இருந்தா. நாந்தான் எறக்கிக் கெடுத்துப்போட்டேன்."

"ஏனுங்க," என்றாள் ஹுமேரா. "முடியாதுன்னு ஆரு சொன்னது? நான் இன்னும் பாக்கவே இல்லியே."

"கண்ணு, கட்டில்லயே நாலு மாசம் ப்ராக்டிஸ் பண்ணித்தானே மட்டத்துல உக்காரப் பழகுனே?"

"அப்ப அந்த நாலு மாசம் எனக்குக் கையில இருக்குது." அவள் தாமஸ் பக்கம் திரும்பினாள். "அண்ணா, வளையம் வெக்கறதுக்கு முன்னால சும்மா அரை இஞ்சு ஒசத்திப் பாக்க முடியுமா?"

தாமஸ் கொஞ்சநேரம் தாடையைச் சொறிந்தார். பிறகு கொட்டகைக்குப் பின்னால் போய் நாலு துண்டு பிளைவுட் கொண்டுவந்தார். அரை இஞ்சு கனம். வண்டியைத் தடத்திலிருந்து இறக்கிச் சமதரையில் நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்துக்கு அடியிலும் ஒரு துண்டு வந்து உட்காரும்படி உருட்டி வைத்தார். ஹுமேராவை சாஜித் நாற்காலிக்கு இறக்கினான். அதற்குமட்டும் அவள் இணங்கினாள்.

அரை இஞ்சு என்றால் நாலைந்து பரீட்சை அட்டையை அடுக்கின உயரம். பக்கத்தில் நாற்காலியைக் கொண்டுபோய் நிறுத்திப் பார்த்தபோது அது அவளுக்கு மேடாகத் தெரிந்தது. நாற்காலிக்கு பிரேக் போட்டாள். ஒரு கையைச் சீட்டில் ஊன்றினாள், மறுகையை நாற்காலியில். உந்தினாள். இடுப்பு எழும்பியது; சீட்டின் விளிம்பில் இடித்தது; நழுவித் திரும்ப நாற்காலியில் வந்து விழுந்தாள். நாற்காலி கிறீச்சென்றது.

சாஜித் பாய்ந்து வந்தான்.

"தொடாதீங்க."

அவன் நின்றான். கைகள் இரண்டும் முன்னால் நீண்டபடியே இருந்தன. ஜோஸ்லின் திரையைப் பார்க்கிறமாதிரி திரும்பிக்கொண்டாள். ஹுமேராவுக்கு அது பத்தாம் வகுப்புப் பெண்களை ஞாபகப்படுத்தியது.

"அக்கா, பாருங்க. தலையத் திருப்பாதீங்க," என்றாள்.

ஜோஸ்லின் வெட்கத்தோடு திரும்பிக் கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டாள்.

இரண்டாவது தடவையும் விழுந்தாள். மூச்சு வாங்கியது. வெளியே தூறல் ஆரம்பித்துத் தகரத்தில் பொரி விழுகிறமாதிரி சத்தம் கேட்டது. ஹுமேரா நாற்காலியையும் சீட்டையும் மாறிமாறிப் பார்த்தாள். இவ்வளவு நாளாக நாற்காலியைக் காருக்கு இணையாகத்தான் நிறுத்திப் பழகியிருந்தாள். பிரேக்கை எடுத்து, நாற்காலியின் மூக்கைக் கதவுப்பக்கம் திருப்பினாள். இன்னும் கொஞ்சம் நெருக்கினாள். இப்போது போகவேண்டிய தூரம் குறைந்தது. தலையை நன்றாக முன்னால் கவிழ்த்தாள். தலை கீழே போனால் இடுப்பு மேலே வரும் என்று பிசியோதெரபியில் எப்போதோ சொன்னது நினைவுக்கு வந்தது. முழங்கை இரண்டையும் விறைப்பாக்கினாள். "பிஸ்மில்லாஹ்" என்று முணுமுணுத்து உந்தினாள்.

உட்கார்ந்துவிட்டாள். பாதி தொடை சீட்டில், பாதி வெளியே. விடாமல் ஸ்டியரிங்கைப் பிடித்து மிச்சத்தையும் உள்ளே இழுத்துக்கொண்டாள். பிறகு கால்களை ஒவ்வொன்றாகக் கையால் எடுத்து உள்ளே வைத்தாள்.

சாஜித்தின் கைகள் இன்னும் நீண்டே இருந்தன.

"அரை இஞ்சு போதுமுங்களா டீச்சர்," என்றார் தாமஸ், "இன்னுங் கொஞ்சம் ஒசத்தட்டுங்களா?"

"ஆசை காட்டாதீங்ணா," என்று சொல்லிச் சிரிக்கும்போதுதான் அவள் கண்ணில் தண்ணீர் இறங்கியது.

வளையம் வைக்க மூன்று மணி நேரம் ஆனது. ஒவ்வொரு சக்கரமாகக் கழற்றி, ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடித்து, ரப்பரை வைத்து மாட்டினார் தாமஸ். பேட்டரி அடியில் இருந்ததால் ஜாக்கி எங்கே படவேண்டும் என்பதில் மட்டும் இரண்டுதரம் குனிந்து பார்த்து, ஒருதரம் பொண்டாட்டியிடமும் கேட்டுக்கொண்டார். மத்தியானம் ஜோஸ்லின் தூக்குப்போசியைத் திறந்தாள். அரிசிம்பருப்புச் சோறு. நாலு பேருக்கும் இலையில் வைத்து மேலே நெய் விட்டாள். ஹுமேராவுக்கு அவ்வளவு பசி இருந்தது அப்போதுதான் தெரிந்தது.

"பாய் ஏனுங் கையக் கழுவாம நிக்கறாங்க? நாங்க சமைச்சதுன்னு யோசனையா?" என்றாள் ஜோஸ்லின்.

"அய்யோ, அதெல்லாம் இல்லீங்க்கா." சாஜித் உட்கார்ந்தான். சோற்றைப் பிசைந்தான். வாயில் வைக்கவில்லை. திடீரென்று சொன்னான்: "அன்னிக்கு ஸ்கூட்டரை ஓட்டுனது நானுங்க்கா. இவ பின்னால உக்காந்திருந்தா. எனக்கு முழங்கையில செராய்ப்புதான். வேற ஒண்ணுமில்லை."

அவன் இதை வெளியாளிடம் சொல்லி ஹுமேரா கேட்டதில்லை. அவளிடமே சொன்னதில்லை. நாலு வருஷமாக அவன் தூக்கின தூக்கெல்லாம் எங்கிருந்து வந்தது என்று அவளுக்குத் தெரியாமலில்லை. தெரிந்துகொண்டும் கேட்காமல் இருந்தாள்.

"லாரிக்காரன் லைட்டில்லாம நின்னான்," என்றாள் ஹுமேரா. "உங்களைய நான் ஒரு நாளும் குத்தஞ் சொன்னதில்லீங்க. நீங்க தூக்குனா எனக்குக் கஷ்டமா இருக்குதுன்னா, அதுக்குக் குத்தஞ் சொல்றேன்னு அர்த்தமில்லை. கஷ்டமா இருக்குது, அவ்வளவுதான்."

"இத்தனை நாளாச் சொல்லியிருக்கலாமல்ல?"

"நீங்க எவ்வளவு ஆசையாத் தூக்கறீங்க. எப்பிடிச் சொல்றது?"

சாஜித் பிசைந்த சோற்றையே திரும்பப் பிசைந்தான். "நெய் ஆறுது பாய்," என்றார் தாமஸ். சாஜித் இரண்டாவது தரமும் சோறு வாங்கிச் சாப்பிட்டான்.

மூன்றரை மணிக்கு வண்டி மறுபடி குழிமேல் ஏறியது. ஹுமேரா சீட்டில் இருந்தாள். தட்டுகள் மாட்டியாயிற்று. போல்ட்டை முடுக்கி முடுக்கித் தாமஸ் கீழேயிருந்து கத்தினார். திரையைப் பார்த்து ஜோஸ்லின் மேலேயிருந்து கத்தினாள்.

"ஒண்ணு இருவது... ஒண்ணு... ஐம்பது மினிட்டு... நில்லுங்க, நில்லுங்க!"

"நின்னுட்டேன்!"

"தாண்டிப் போயிருச்சு. சித்தப் பின்னால வாங்க."

"போறப்பவே சொல்லறதில்லை!"

"சொன்னேன், நீங்க கேக்கலை!"

"டீச்சர், ஸ்டியரிங்கை அசைக்காமப் புடியுங்க. நீங்களாச்சும் என்ற பேச்சைக் கேளுங்க."

ஹுமேரா இரண்டு கையாலும் அசையாமல் பிடித்திருந்தாள். திரையில் சிவப்பு ஒவ்வொன்றாகப் பச்சையானது. கடைசி எண் பச்சையானதும் ஜோஸ்லின் மேசையைத் தட்டினாள். சாஜித் திரைக்குப் பக்கத்தில் நின்று, பரீட்சை ரிசல்ட் பார்க்கிறவனைப்போல ஒவ்வொரு எண்ணாக விரலால் தொட்டுப் படித்தான்.

"ரெண்டாயிரம் கிலோமீட்டர் ஓடுனதும் ஒருக்கா வாங்க, பாத்துக்கலாம்," என்றார் தாமஸ். "அதுவரைக்கும் வாரம் ஒருதரம் டயருக்கு உள்பக்கம் கையை உட்டுத் தடவிப் பாருங்க. வெளிய பாத்து ஏமாறாதீங்க."

போகும்போது சாஜித் நாற்காலியை மடித்துப் பின்னால் வைத்துவிட்டு, ஓட்டுநர் பக்கம் வரவே இல்லை. தானாகப் போய் இடதுபக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டுக்கொண்டான்.

திருச்சி ரோட்டில் கூட்டம் குறைவாக இருந்த ஒரு இடத்தில் ஹுமேரா ஸ்டியரிங்கிலிருந்து கையை ஒரு நொடி எடுத்தாள். வண்டி இடதுபக்கமும் போகவில்லை, வலதுபக்கமும் போகவில்லை. "பாத்தீங்களா?" என்றாள். "ம்," என்றான் சாஜித். சுங்கம் தாண்டும்போது அந்த "ம்" கூட வரவில்லை.

திரும்பிப் பார்த்தாள். தலை ஜன்னல்பக்கம் சாய்ந்திருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. அவள் ஓட்டும்போது அவன் ஒருநாளும் தூங்கியதில்லை. முழங்கால் விறைக்க, தன் பக்கத்தில் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வருகிற ஆள். இப்போது கால்கள் இரண்டும் தளர்ந்து கிடந்தன.

குளத்தோரம் தூறல் விட்டிருந்தது. ஸ்பீடு பிரேக்கர்களில் வண்டியைப் பையப் பைய ஏற்றி இறக்கினாள். அடியில் எதுவும் இடிக்கவில்லை. உக்கடம் வந்தது. வீட்டுக்கு இடதுபக்கம் திரும்பவேண்டும். சிக்னலில் நின்றபோது, தெருவுக்குள் போய் நிறுத்தினால் அவன் முழித்துக்கொள்வான் என்று தோன்றியது.

பச்சை விழுந்தது. ஹுமேரா இன்டிகேட்டரை அணைத்துவிட்டு, பேரூர் ரோட்டில் நேராக விட்டாள்.